மவுஸ் பிடித்தால் கை மரத்துப் போகுமா? சர்வேயைப் பிரித்துப் படிப்போம்

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் முழுவதும் சந்தோஷம்தான். இரண்டாவது வாரம் உறவினர் ஒருவர் வருவார். "பார்த்துப்பா, ரொம்ப நேரம் மவுஸ் பிடிச்சா கை மரத்துப் போயிடுமாம். பேப்பர்ல போட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்து முடித்துக் கிளம்பி விடுவார். அன்று இரவே நமக்குக் கை லேசாக மரத்தது போலத் தோன்றும். மறுநாள் கடையில் ஜெல் வைத்த மவுஸ் பேட், மணிக்கட்டுக்குப் பட்டை, வளைந்த கீபோர்டு என்று பணம் கரைய ஆரம்பிக்கும்.

"கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களில் இத்தனை சதவீதம் பேருக்குக் கழுத்து வலி, இத்தனை சதவீதம் பேருக்குக் கண் எரிச்சல்" என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சர்வே இருக்கும். யாரோ ஒரு படிவம் அச்சடித்துக் கொடுத்திருப்பார்கள், அல்லது இன்டர்நெட்டில் வைத்திருப்பார்கள். சிலர் அதை நிரப்பியிருப்பார்கள், சிலர் ஓரமாக வைத்திருப்பார்கள். நிரம்பி வந்த படிவங்களைக் கூட்டிக் கழித்து வந்ததுதான் அந்தச் சதவீதம். பொதுவாகப் பேசினால் இது புரியாது என்பதால், மவுஸ் பற்றி நடந்த நல்ல சர்வே ஒன்றையே எடுத்துக் கொள்வோம்.

டென்மார்க் சர்வே

2000-ம் ஆண்டு வாக்கில் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு தொழிற்சங்கத்தின் உறுப்பினர்கள் 9480 பேருக்குக் கேள்விப் படிவம் அனுப்பினார்கள். அலுவலகங்களில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்யும் தொழில்நுட்ப உதவியாளர்கள் போன்றவர்கள் இவர்கள். 6943 பேர் பதில் அனுப்பினார்கள். அதாவது நூற்றுக்கு 73 பேர். இந்த மாதிரி சர்வேக்களுக்கு இது நல்ல எண்ணிக்கை. ஒரு வருடம் கழித்து அவர்களிடமே மறுபடியும் கேட்டார்கள். முடிவுகள் 2003-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயின.

அவர்கள் தேடிய நோயின் பெயர் கார்ப்பல் டனல் சின்ட்ரோம். நம் மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான பட்டைக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் நாண்கள் அதன் வழியாகத்தான் போகின்றன. கூடவே ஒரு நரம்பும் போகிறது. அந்த இடத்தில் வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். அப்போது கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி ஆகிய இடங்களில் மரத்துப் போகும், ஊசி குத்துவது போல இருக்கும். சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. எனவே சுண்டு விரல் மட்டும் மரத்துப் போனால் அது இந்த நோய் அல்ல. இன்னொரு அடையாளம், ராத்திரித் தூக்கத்தில் கை மரத்து விழித்துக் கொள்வது.

படிவத்தில் "வலது கையில் மரத்துப் போதல் அல்லது ஊசி குத்தும் உணர்வு உண்டா?" என்று கேட்டதற்கு ஆம் என்றவர்கள் 10.9 சதவீதம். நூற்றுக்குப் பதினோரு பேர்! நம் உறவினர் படித்த பேப்பர் இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் தலைப்பு தயார்.

ஆராய்ச்சியாளர்கள் நிறுத்தவில்லை. ஆம் என்றவர்களை நேர்காணல் செய்து எந்த விரல், எவ்வளவு அடிக்கடி என்று விசாரித்தார்கள். மேலே சொன்ன நரம்பு போகும் விரல்களில்தான் பிரச்சினை என்று உறுதியானவர்கள் 4.8 சதவீதம். அவர்களிலும் இரவில் தொல்லை இருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மொத்தத்தில் பார்த்தால் 1.4 சதவீதம்.

பதினொன்று ஐந்தாகி, ஐந்து ஒன்றரையாகி விட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வி குறுகக் குறுக எண்ணும் குறைந்தது, அவ்வளவுதான். எனவே இனிமேல் ஒரு சதவீதத்தைப் படித்தால், அதைக் கொடுத்த கேள்வியின் வாசகம் என்ன என்று தேடிப் பாருங்கள். செய்தியில் அது இல்லையென்றால் அந்த எண்ணை நான் பாதி மதிப்பில்தான் எடுத்துக் கொள்வேன்.

சரி, மவுஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு என்றே தெரிந்தது. வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் மவுஸ் உபயோகித்ததாகச் சொன்னவர்களுக்கு இந்தத் தொல்லை வரும் வாய்ப்பு கூடியது. கீபோர்டு உபயோகத்துக்கும் இதற்கும் உறுதியான தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு வருடத்தில் புதிதாகத் தொல்லை வந்தவர்கள் 5.5 சதவீதம். கார்ப்பல் டனல் விஷயத்தில் கம்ப்யூட்டர் வேலை பெரிய ஆபத்து அல்ல என்றுதான் அவர்கள் முடித்திருக்கிறார்கள். வீட்டில் மாலையில் ஒரு மணி நேரம் மெயில் பார்த்து, பையனுக்குப் பிராஜெக்ட் பிரின்ட் எடுத்துக் கொடுப்பவர்கள் இருபது மணி நேரத்தின் பக்கம்கூடப் போக மாட்டார்கள். ஜெல் பேட் வாங்குவது உங்கள் இஷ்டம்.

"எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால்...

மேலே "உபயோகித்ததாகச் சொன்னவர்கள்" என்று எழுதியிருக்கிறேன். கவனித்தீர்களா? அந்த 20 மணி நேரம் அவர்கள் வாயால் சொன்னது. யாரும் கடிகாரம் வைத்து அளக்கவில்லை.

இந்தச் சந்தேகம் அந்த ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. 2000-2001-ல் அதே ஆய்வின் ஒரு பகுதியாக, கம்ப்யூட்டரிலேயே ஒரு சிறிய புரோகிராமைப் போட்டு, மவுஸ் எவ்வளவு நேரம் நகர்கிறது, கீபோர்டு எவ்வளவு நேரம் தட்டப்படுகிறது என்று நான்கு வாரம் பதிவு செய்தார்கள். அந்த நான்கு வாரத்தைப் பற்றி 1211 பேரிடம் "சராசரியாக எவ்வளவு நேரம் வேலை செய்தீர்கள்?" என்று படிவத்திலும் கேட்டார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான இந்தக் கட்டுரை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

மனிதர்கள் கூட்டித்தான் சொல்கிறார்கள். அதிலும் குறைவாக உபயோகிப்பவர்கள்தான் மிக அதிகமாகக் கூட்டிச் சொல்கிறார்கள். நாள் முழுவதும் கம்ப்யூட்டரிலேயே இருப்பவர்களின் கணக்கு ஓரளவு பதிவோடு ஒத்துப் போனது. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நிஜமாக உள்ள வித்தியாசத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் அவர்கள் சொன்ன பதிலை வைத்துக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகவே சொன்னார்கள்: மொத்த வேலையில் மவுஸின் பங்கு எவ்வளவு என்பதை. மணிக் கணக்கு நினைவில் நிற்பதில்லை, ஆனால் பாதியா கால் பங்கா என்பது நிற்கிறது போலும்.

புரோகிராம் சொல்வதுதான் முழு உண்மை என்றும் எடுத்துக் கொள்ளக் கூடாது. மவுஸைத் தொடாமல் ஒரு கடிதத்தைப் படித்துக் கொண்டிருந்தால் புரோகிராமுக்கு நாம் அங்கே இல்லை. நமக்கோ அதுவும் வேலை நேரம்தான். கழுத்துக்கும் கண்ணுக்கும்கூட அது வேலை நேரம்தான். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எது சரி என்பதும் மாறும்.

சில விஷயங்களைக் கேட்கவே முடியாது. நீங்கள் நிமிடத்துக்கு எத்தனை தடவை கண் சிமிட்டுகிறீர்கள்? யாருக்கும் தெரியாது. ஜப்பானைச் சேர்ந்த கண் டாக்டர்கள் இருவர் அலுவலக ஊழியர்கள் 104 பேரைப் பார்த்து எண்ணி 1993-ல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 22 தடவை, புத்தகம் படிக்கும்போது 10 தடவை, கம்ப்யூட்டர் திரையைப் படிக்கும்போது 7 தடவை. கண் எரிச்சலுக்கு இது ஒரு முக்கியக் காரணம். சிமிட்டுவது குறைந்தால் கண் காய்ந்து போகிறது. மானிட்டரிலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்று பயந்து கண்ணாடி வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னும் சில விஷயங்களைக் கேட்டால், நடப்பதைச் சொல்லாமல் நடக்க வேண்டியதைச் சொல்வார்கள். அமெரிக்காவில் 2007-ல் போனில் கேட்டபோது, பொதுக் கழிப்பறையை உபயோகித்த பின் எப்போதும் கை கழுவுவதாக 92 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே ஆண்டு அட்லான்டா, சிகாகோ, நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ நகரங்களின் பொது இடங்களில் ஆட்களை நிறுத்தி எண்ணிப் பார்த்தபோது கழுவியவர்கள் 77 சதவீதம். ஆண்களை மட்டும் எடுத்தால் 66. எந்த ஊராக இருந்தால் என்ன, கை கழுவவில்லை என்று போனில் ஒப்புக் கொள்ள யாருக்கு மனசு வரும்?

அலுவலகத்தில் படிவம் வந்தால்

இதுவரை ஆராய்ச்சியாளர்கள் கேட்டதைப் பார்த்தோம். உங்களிடமே ஒரு நாள் இப்படி ஒரு படிவம் வரலாம். பல கம்பெனிகள் நாற்காலி, மேஜை, வலி, தூக்கம் பற்றியெல்லாம் கேட்கின்றன. வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு மெயிலில் லிங்க் வருகிறது.

அதைத் திறந்தவுடன் முதலில் பெயர், ஊழியர் எண் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் அது சர்வே மட்டும் அல்ல, உங்கள் பைலில் சேரப் போகும் காகிதமும்தான். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் டேட்டா என்ட்ரி ஊழியர் ஒருவர், மேலதிகாரி பார்ப்பார் என்று தெரிந்த படிவத்தில் "மணிக்கட்டு வலிக்கிறது" என்று டிக் செய்வாரா? "வலி இல்லை" என்றுதான் செய்வார். எல்லோரும் அப்படியே செய்தால் வலி பூஜ்யம் சதவீதம் என்று ரிப்போர்ட் வரும். புது நாற்காலி வாங்க வேண்டிய அவசியமும் போய் விடும். தப்பான எண்ணால் நஷ்டம் யாருக்கு என்று பாருங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வலி தாங்காமல் வேலையை விட்டுப் போனவருக்குப் படிவமே வராது. இன்று நாற்காலியில் இருப்பவர்களை மட்டும் கேட்டால், தாக்குப் பிடித்தவர்களை மட்டும் கேட்டதாகத்தான் அர்த்தம்.

நல்ல படிவம் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு மாதிரி உண்டு. வட ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 1987-ல் வெளியிட்ட நார்டிக் கேள்விப் படிவம் அது. இன்றும் உலகம் முழுவதும் உபயோகிக்கிறார்கள். அதில் பின்பக்கமாக நிற்கும் ஒரு மனித உருவத்தின் படம் இருக்கும். உடல் ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல் முதுகு, கீழ் முதுகு, இடுப்பும் தொடையும், முழங்கால், கணுக்காலும் பாதமும். ஒவ்வொரு பகுதிக்கும் கடந்த 12 மாதங்களில் தொல்லை இருந்ததா, கடந்த 7 நாட்களில் இருந்ததா, அதனால் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனதா என்று கேட்பார்கள். "தோள்" என்றால் எதுவரை என்ற குழப்பம் படத்தைப் பார்த்தால் போய் விடும். 12 மாதக் கேள்விக்கு ஆம் என்பவர்கள் எப்போதும் 7 நாள் கேள்விக்கு ஆம் என்பவர்களை விட அதிகமாகவே இருப்பார்கள். வருடத்தில் ஒரு நாள்கூடக் கழுத்து வலிக்காத மனிதர் உண்டா? எனவே பயமுறுத்த நினைப்பவர் 12 மாத எண்ணை எடுத்துப் போடுவார். நாற்காலி வாங்கிக் கொடுக்க மனசில்லாதவர் 7 நாள் எண்ணை எடுத்துப் போடுவார்.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்திலோ சின்ன அலுவலகத்திலோ நீங்களே சர்வே நடத்த வேண்டியிருந்தால் கூகுள் பார்ம்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் ஈமெயில் முகவரிகளைச் சேகரிக்கும் ஆப்ஷனில் "டூ நாட் கலெக்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் பத்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால் வயது, பிரிவு இரண்டையும் சேர்த்துக் கேட்காதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆள் யார் என்று தெரிந்து விடும்.

கேட்பதோடு நிற்காதவர்கள்

ஒரு சர்வேயில் மவுஸும் வலியும் சேர்ந்து வந்தால், மவுஸால்தான் வலி என்று ஆகி விடாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், அங்குள்ள வருமான வரித்துறை டேட்டா என்ட்ரி ஊழியர்கள் 42 பேரிடம் அப்படிச் செய்து பார்த்தது. முடிவு 2000-ல் வந்தது. அவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 15 நிமிட இடைவேளை இரண்டு உண்டு. அது போக, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணி நேரத்திலும் 5 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். மொத்தம் ஒரு நாளைக்கு 20 நிமிடம் அதிக ஓய்வு. அந்த ஊழியர்களே பழைய முறையிலும் புது முறையிலும் வேலை செய்தார்கள். புது முறையில் உடல் அசௌகரியமும் கண் அயர்ச்சியும் குறைந்தன. 20 நிமிட வேலை போனதே, என்ட்ரி குறைந்திருக்குமே என்றுதானே நினைக்கிறீர்கள்? குறையவில்லை.

வீட்டிலேயே ஒரு மாதம் பார்க்கலாம்

டென்மார்க்கில் செய்ததை உங்கள் கம்ப்யூட்டரிலும் செய்யலாம். வொர்க்ரேவ் என்ற இலவச புரோகிராமை வொர்க்ரேவ் டாட் ஆர்க் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் எடுத்தால் கூடவே வேண்டாததும் வரலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். இன்ஸ்டால் செய்தவுடன் மூன்று கடிகாரங்கள் ஓடத் தொடங்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அரை நிமிடம் கையை எடுக்கச் சொல்லும். 45 நிமிடத்துக்கு ஒரு முறை 10 நிமிடம் ஓய்வு. ஒரு நாளுக்கு 4 மணி நேரம் எல்லை. இவை அதுவாக வைத்திருக்கும் அளவுகள். பிரிபரன்சஸ் பகுதியில் மாற்றிக் கொள்ளலாம். மாற்றத்தான் வேண்டியிருக்கும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை குறுக்கே வந்தால் இரண்டாவது நாளே தூக்கி எறிந்து விடுவீர்கள்.

நமக்கு முக்கியம் அதன் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். வொர்க்ரேவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து அதைத் திறந்தால் ஒவ்வொரு தேதிக்கும் எவ்வளவு நேரம் உபயோகித்தீர்கள், மவுஸ் எவ்வளவு நகர்ந்தது, எத்தனை கிளிக், எத்தனை கீ என்று காட்டும். நீங்கள் என்ன டைப் செய்தீர்கள் என்பதைப் பதிவு செய்யாது, எண்ணிக்கை மட்டும்தான்.

எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் புதிய ஷீட் ஒன்று திறங்கள். நான்கு காலம் போதும்: தேதி, என் ஊகம், பதிவான நேரம், வலி. இரவு கம்ப்யூட்டரை ஆப் செய்வதற்கு முன், ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் பார்க்காமல் ஊகத்தை முதலில் எழுதி விடுங்கள். பிறகு பதிவைப் பார்த்து எழுதுங்கள். ஊகத்துக்கு முன்பே பார்த்து விட்டால் ஆட்டம் கெட்டது. நேரங்களை நிமிடத்தில் எழுதுங்கள், கணக்கிடச் சுலபம். வலி காலத்தில் இல்லை என்றால் 0, தாங்க முடியாவிட்டால் 10. வலி இருந்தால் எந்த விரல், எந்த இடம், இரவா பகலா என்று பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்துக் கொள்ளுங்கள். நான்கு வாரம் முடிந்ததும் ஊகக் காலத்துக்குக் கீழே உள்ள காலி செல்லில் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனின் பக்கத்தில் உள்ள சின்ன அம்பைக் கிளிக் செய்து ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். பதிவுக் காலத்துக்கும் அப்படியே. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் நீங்கள் எத்தனை மடங்கு கூட்டிச் சொல்லும் ஆள் என்று தெரிந்து விடும். வீட்டில் இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரை உபயோகித்தால் ஆளுக்கு ஒரு யூசர் அக்கவுன்ட் வைத்துக் கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பையன் விளையாடிய நேரமும் உங்கள் கணக்கில் ஏறும்.

கட்டை விரல் பக்கத்து விரல்கள் அடிக்கடி மரத்துப் போகின்றன, இரவில் எழுப்புகின்றன, பிடித்த பொருள் கை நழுவுகிறது என்றால் நான்கு வாரம் வரை காத்திருக்காதீர்கள். அதுவரை எழுதிய ஷீட்டைப் பிரின்ட் எடுத்துக் கொண்டு டாக்டரிடம் போங்கள். எந்த விரல், எப்போதிலிருந்து, இரவில் உண்டா என்றுதான் அவரும் முதலில் கேட்பார்.